துணியும் டயப்பரும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பிறந்த குழந்தையின் இடுப்பில் கட்டுவதற்கு வீட்டிலுள்ள பழைய துணி ஏற்றதா, கடையில் விற்கும் டயப்பர் ஏற்றதா என்பதே அப்பொருள். நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்ற ஒரு தலைமையாசிரியருக்கு வானொலியில் பேச இதைவிடப் பெரிய பொருள் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், இந்தச் சிறிய பொருளுக்குள் உடல்நலம் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஊரின் நீர்நிலை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியை நான் அறுபது வயதைக் கடந்த பின்னரே எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நீங்கள் இளமையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்பேச்சு.

என் ஊர் இளையரசனேந்தல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோவில்பட்டியை நோக்கி வருகையில் இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்து ஊர்களில் அதுவும் ஒன்று. வானத்தை நம்பிப் பருத்தியும் சோளமும் உளுந்தும் விதைக்கின்ற மண் அது. 'ஏந்தல்' என்ற சொல்லுக்கு ஏரி என்ற பொருள் உண்டு. மழை நீரை ஏந்தி வைத்துக்கொள்ளும் நிலையை ஊரின் பெயரிலேயே நம் முன்னோர் பொதித்து வைத்தார்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். தண்ணீரின் அருமை அறிந்த ஊர் என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரட்டாசி மாதத்தில் என் மகள் தலைப் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்தாள். நலமாகப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே வழக்கு ஒன்று தொடங்கிவிட்டது. மகளுடன் பணியாற்றும் தோழியர் பெரிய டயப்பர்க் கட்டுகள் இரண்டை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தனர். என் மனைவியோ, பெட்டியில் பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த என்னுடைய பழைய வேட்டிகளை எடுத்து, வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கியிருந்தாள்.

"அம்மா, இந்தக் காலத்தில் யார் துணி கட்டுகிறார்கள்? இரவெல்லாம் எழுந்து எழுந்து மாற்ற என்னால் ஆகாது" என்றாள் மகள். "உன்னை இந்தத் துணியில்தான் வளர்த்தேன். குழந்தையின் உடம்பு மூச்சுவிட வேண்டாமா?" என்றாள் தாய். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்லியே பழகிப் போனவன் நான். பருத்தி நம் மண்ணின் விளைவு, துணி செலவில்லாதது, நிலத்தைக் கெடுக்காதது என்று மூன்று காரணங்களை விரல்விட்டு எண்ணிக் காட்டி, "துணியே சிறந்தது" என்று முடித்தேன். மகள் ஒன்றும் பேசவில்லை. மனைவி மட்டும், "தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள், அலசப் போவது யார் என்பதைச் சொல்லவில்லையே" என்றாள். அதை நான் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. முதலில் துணியின் கட்சியை எடுத்துச் சொல்கிறேன். குழந்தைக்கு அடியில் இடும் துணியைத் தமிழில் 'அணையாடை' என்பர். அழகான சொல். அதற்குப் புதுத்துணியை விடப் பழந்துணியையே நம் பாட்டிமார் தேடி எடுத்தார்கள். இதில் சிக்கனம் மட்டும் இல்லை, அறிவியலும் உண்டு. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. நெய்யும்போது நூலுக்குக் கஞ்சியும் போடுகிறார்கள். ஆகவே வெளுக்காத கோடித்துணியின்மேல் தண்ணீரைத் தெளித்தால் அது முத்து முத்தாக உருளும். உடனே உள்ளே இறங்காது. பலமுறை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் துவைபட்ட பின்னரே மெழுகும் கஞ்சியும் நீங்கி, இழை தண்ணீரை விரைந்து பருகும். பழைய வேட்டி மென்மையாக இருப்பதோடு மிகுதியாகவும் உறிஞ்சுவது இதனால்தான். காயங்களுக்கு வைக்கும் பஞ்சும் இதே முறையில்தான் ஆக்கப்படுகிறது. பஞ்சைக் காரநீரில் வேகவைத்து மெழுகை நீக்கி வெளுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயம் கட்டும் துணி நெய்வதற்குப் பேர்போன ஊர். கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி அவ்வட்டாரத்தின் பழைய செல்வம். பருத்திக்கு எங்களிடம் குறைவில்லை.

கணக்கும் துணியின் பக்கமே நின்றது. எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 360 சென்டிமீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் உடையது. 60 சென்டிமீட்டர்ச் சதுரமாகக் கிழித்தால் எத்தனை துண்டு வரும்? நீளத்தில் 6, அகலத்தில் 2, ஆக 12. இரண்டு பழைய வேட்டிகள் இருந்தால் 24 துண்டுகள். ஒரு குழந்தைக்கு அவை போதும். செலவு ஒன்றுமில்லை.

இனி டயப்பரின் கட்சி. அதனை ஒரு சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், குழந்தையின் துணியோடு படுக்கையும் நனைந்து போவதைக் கண்டு சலித்து, குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, துணிக்கு மேலே அணிவிக்கும் நீர்புகா உறை ஒன்றைச் செய்தார். 1951-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த பத்தாண்டில், பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ், தம் பேரக் குழந்தையின் துணிகளை மாற்றுவதில் ஏற்பட்ட வெறுப்பினால், எறிந்துவிடக்கூடிய டயப்பர் ஒன்றை ஆக்கும் பணியில் தம் உடன்பணியாளரை ஈடுபடுத்தினார் என்பர். 1961-இல் 'பேம்பர்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவின் பியோரியா நகரில் அது முதன்முதலாக விற்றுப் பார்க்கப்பட்டது. கவனியுங்கள்: அவரும் ஒரு தாத்தா, நானும் ஒரு தாத்தா. அவர் துணியைக் கையால் தொட்டு மாற்றிய பின் முடிவுக்கு வந்தார். நான் தொடாமலே தீர்ப்புச் சொன்னேன்!

அக்காலத்து டயப்பரில் மரக்கூழே நீரை உறிஞ்சியது. ஆகையால் அது தடித்த பொதியாக இருந்தது. 1970-களில் அதே பியோரியா நகரிலிருந்த அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வுக்கூடத்தார், மாவுப்பொருளை அடிப்படையாகக் கொண்டு, தன் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சும் பொருள் ஒன்றை உருவாக்கினர். விதைக்கும் மண்ணுக்கும் ஈரம் காப்பது அதன் பயன்களுள் ஒன்று. அவ்வகையைச் சேர்ந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் செயற்கைப் பொருள் 1980-களில் டயப்பருக்குள் புகுந்தது. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அச்சங்கிலிகள் இடையிடையே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் நீரில் கரைவதில்லை. நீரை உள்ளே வாங்கிப் பாகுபோல உப்பிக்கொள்கின்றன. மழை பெய்ததும் உப்பி, கோடையில் வெடித்துப் பிளக்கும் எங்கள் கரிசல் மண்ணைக் கண்டவர்களுக்கு, நீரை வாங்கி உப்பும் பொருள் என்பது புதுமையான செய்தி அன்று.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புதிய டயப்பர் ஒன்றைப் பிரித்து, உள்ளேயுள்ள பஞ்சை ஒரு பையிலிட்டுக் குலுக்கினால் உப்புத்தூள் போன்ற மணிகள் அடியில் தங்கும். தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதனைக் குவளையிலிட்டுத் தூய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தன் எடையைப்போல் சில நூறு மடங்கு நீரை அது வாங்கிக்கொள்ளும். பின்னர் ஒரு கரண்டி சமையல் உப்பைத் தூவுங்கள். உப்பிய பாகு இளகி நீரைக் கக்கும். வெளியிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால் உள்ளே நீர் புகும் விசை குறைந்துவிடுகிறது என்பதே காரணம். சிறுநீரில் உப்பு உண்டல்லவா? ஆகவே அங்கே சில நூறு மடங்கு என்பது சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்தப் பாகைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

இவ்வாறு இரு கட்சிகளும் வலுவுடையன. இனி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் துணியே கட்டினோம். மகள் தூக்கமின்றித் தளர்ந்து போனாள். ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அவள் ஓய்வெடுக்கட்டும் என்று டயப்பரைப் போட்டோம். வீடு அமைதியாயிற்று, குழந்தையும் மிகுதியாக உறங்கியது. பதினோராம் நாள் மீண்டும் துணிக்குத் திரும்பியபோது, மாலையில் என் மனைவி கவலையோடு வந்தாள். "காலையிலிருந்து மூன்று துணிதான் நனைந்திருக்கிறது" என்றாள். நான் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவள் விடவில்லை, கிராமச் செவிலியரை அழைத்து வந்தாள். செவிலியர் குழந்தையை நிறுத்துப் பார்த்தார். பிறந்தபோது இருந்த எடை இன்னும் திரும்பவில்லை. குழந்தை மார்பைச் சரியாகப் பற்றிக் குடிக்கவில்லை என்பதைக் கண்டு, தாய் அமர வேண்டிய முறையையும் குழந்தையை ஏந்த வேண்டிய முறையையும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். அடிக்கடி பாலூட்டச் சொன்னார். மிகுதியான உறக்கம் எப்போதும் நலத்தின் அடையாளம் ஆகாது என்றார். "பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். எண்ணிக்கொண்டே இருங்கள்" என்று சொல்லிச் சென்றார். நான்கு நாள்களில் எண்ணிக்கை எட்டாயிற்று. அடுத்த வாரம் எடையும் ஏறியது.

அந்த நான்கு நாள்களில் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. இதில் டயப்பரின்மேல் குற்றம் இல்லை; எண்ணத் தவறியவர்கள் நாங்கள். டயப்பரிலும் எடையைக் கையால் தூக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். ஆனால், துணி நனைந்ததைத் தானே சொல்லும். டயப்பர் தன் ஈரத்தை மறைப்பதற்காகவே செய்யப்பட்டது. முதற் சில வாரங்களில் துணிக்கு உள்ள பெருஞ்சிறப்பு இது. நான் விரல்விட்டு எண்ணிய மூன்று காரணங்களில் இது இருக்கவில்லை. நாள்தோறும் துணியை அலசியவள் இதனை அறிந்திருந்தாள்.

என் தீர்ப்பு சரியாயிற்று என்று உள்ளூர மகிழ்ந்திருந்தேன். அம்மகிழ்ச்சி ஐப்பசி மழை வரையில்தான் நின்றது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் என் மனைவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மகள் இன்னும் பச்சை உடம்புக்காரி. துணிகளை அலசும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுநாள்வரை என் மக்கள் இருவரின் துணிகளில் ஒன்றையாவது நான் அலசியதில்லை என்பதை இவ்விடத்தில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் பதினான்கு துணிகள். மலத்தைக் கழிப்பறையில் நீக்கி, குளிர்ந்த நீரில் அலசி, சவர்க்காரமிட்டுத் தேய்த்து, வெந்நீரில் முக்கி, மீண்டும் இருமுறை அலச வேண்டும். எத்தனை குடம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தேன், நான்கு குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 60 லிட்டர். 2019-இல் நடுவண் அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், சிற்றூரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஆக, ஒரு மனிதருக்குக் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வகுத்த தண்ணீர் முழுவதையும் ஒரு சிறு குழந்தையின் துணி குடித்துவிடுகிறது! குழாயில் நாள்தோறும் நீர் வராத வீட்டில் அந்த நான்கு குடத்தைச் சுமந்து வருபவர் யார்? "செலவு ஒன்றுமில்லை" என்று நான் கணக்கை முடித்தபோது, தண்ணீரையும் கூட்டவில்லை. சுமந்த இடுப்பையும் கூட்டவில்லை.

மூன்றாம் நாள், வெயில் இல்லாமையால் துணிகள் காயவில்லை. அவசரத்தில் ஒருமுறை அலசுவதைக் குறைத்தேன்; அரை ஈரத் துணியையும் மடித்துக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் குழந்தையின் தொடை இடுக்கில் தோல் சிவந்து புண்ணாயிற்று. அழுகை நிற்கவில்லை. ஈரம் தோலை ஊறவைத்து மென்மையாக்குகிறது. துணியின் உராய்வு அதைக் கீறுகிறது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகித் தோலின் இயல்பான அமிலத் தன்மையைக் கெடுக்கிறது. மலத்திலுள்ள செரிமானப் பொருள்கள் அப்போது தோலை அரிக்கின்றன. அலசாமல் தங்கிய சவர்க்காரம் எரிச்சலை மிகுவிக்கிறது. காரணங்களை ஆசிரியனாகிய நான் ஒப்பிக்க முடியும். காரணமாகவும் நானே இருந்தேன் என்பதுதான் கசப்பு. மருத்துவர் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்து, மழை நிற்கும்வரை நல்ல டயப்பரையே போடுமாறும், மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை மாற்றுமாறும், மலம் கழித்தால் அக்கணமே மாற்றுமாறும், இடையிடையே ஒன்றும் கட்டாமல் காற்றுப்படக் கிடத்துமாறும் சொன்னார். மூன்று நாளில் புண் ஆறியது. ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைப்பதில் டயப்பர் துணியை வென்றுவிடுகிறது என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

அப்படியானால் டயப்பரே வென்றது என்று முடித்துவிடலாமா? அதற்கு முன், பயன்படுத்திய டயப்பர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மழைவிட்ட ஒரு காலையில் ஊருக்கு வெளியே நடந்து சென்றேன். ஓடைக்கரையில் நாய் ஒன்று எதையோ இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. அருகில் சென்றால், உப்பிய வெண்பாகு சேற்றில் சிதறிக் கிடந்தது. அது எங்கள் வீட்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம். ஓடையின் நீர் எங்கே செல்லும்? ஊரின் பெயரில் நிற்கிற ஏந்தலை நோக்கித்தான்.

கணக்கை மீண்டும் போடுவோம். நாளொன்றுக்கு 6 டயப்பர். இரண்டரை ஆண்டு என்பதை 900 நாள் என்று கொண்டால் 5,400. நனைந்த ஒன்று 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் 810 கிலோகிராம். ஒரு குழந்தை நடக்கவும் பேசவும் கற்பதற்குள் முக்கால் டன்னுக்கு மேல் குப்பை! சிற்றூரில் நாற்பது கைக்குழந்தைகள் இருந்தால் நாளொன்றுக்கு 240 டயப்பர்கள். வெளியுறை பிளாஸ்டிக், உள்ளே அந்தச் செயற்கை மணிகள். இவை மண்ணில் எளிதில் மக்குவன அல்ல. ஐந்நூறு ஆண்டு கிடக்கும் என்று சிலர் சொல்வர். முதல் பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்தே நூறாண்டு ஆகவில்லை. ஆதலால் அது கணிப்பு, கண்டறிந்த உண்மை அன்று. நம் பேரக் குழந்தைகளின் காலத்துக்குள் மக்காது என்பதே நமக்குப் போதுமான அச்சம். எரித்தால் நச்சுப் புகை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியே பொதிந்து கொடுக்க வேண்டும் என்றும், உற்பத்தி செய்வோர் அதற்கான உறையைக் கட்டோடு சேர்த்துத் தர வேண்டும் என்றும் கூறின. விதியை எழுதுவது எளிது. ஓடைக்கரை வரையில் அது வந்து சேர்வது அரிது. மேலும், "குழந்தையின் மலந்தானே, தீங்கில்லை" என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பிழை. அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. துணியானாலும் டயப்பரானாலும் மலத்தைக் கழிப்பறையில் நீக்கிய பின்னரே மற்றவை. பின்பு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

பணக் கணக்கும் உண்டு. ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 60 ரூபாய். மாதத்துக்கு 1,800 ரூபாய். 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அக்கூலியை நம்பிய வீட்டில், வேலை கிடைத்த நாளிலும் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். செலவுக்கு அஞ்சி ஒரே டயப்பரைப் பகல் முழுவதும் விட்டுவைப்பார்கள். அப்போது புண்ணும் வரும், பணமும் போகும்.

கற்றறிந்தோர் இதனை எவ்வாறு அளந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டில், டயப்பரால் உண்டாகும் கரியமில வாயுக் கணக்கு ஏறத்தாழ 550 கிலோகிராம். துணியால் ஏறத்தாழ 570 கிலோகிராம். என்ன வியப்பு! துணி சற்று மிகுதி. ஏனெனில் அந்நாட்டில் இயந்திரத்தில் வெந்நீரில் துவைத்து, பலர் இயந்திரத்திலேயே உலர்த்துகிறார்கள். ஆனால் அதே ஆய்வு, வெளிக்கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையும்வரை சேர்த்துத் துவைத்து, இரண்டாம் குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 200 கிலோகிராம் அளவு குறையும் என்றது. எப்போதும் இயந்திரத்திலேயே உலர்த்தினால் அது டயப்பரைத் தாண்டிவிடும் என்றது. இதிலிருந்து நாம் அறிவது யாது? நன்மை துணியிலோ டயப்பரிலோ தானாக அமைந்து கிடக்கவில்லை. அதை எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. எங்களுக்கு வெயில் விலையின்றிக் கிடைக்கிறது. தண்ணீர் அப்படிக் கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் கணக்கில் குடம் சுமக்கும் பெண்ணுக்கு இடமில்லை. நம் கணக்கில் அவளுக்கே முதல் இடம் வேண்டும்.

என் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கியதும் நாங்கள் நால்வரும், ஊரிலிருந்து வந்திருந்த மருமகனையும் சேர்த்துத்தான், உட்கார்ந்து பேசினோம். இம்முறை நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பகலில் வெயில் உள்ள நாளெல்லாம் துணி. இரவில் ஒன்று, நீண்ட பயணத்திலும் அடைமழை நாளிலும் தேவைக்கு ஏற்ப டயப்பர். காலையில் முதல் அலசல் என்னுடையது. மருமகன் இருக்கும் நாளில் மாலை அலசல் அவருடையது. அரை ஈரத் துணி குழந்தையிடம் போகாது. வெயில் தவறினால் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்துவோம். முதலில் அலசிய நீரைக் கழிப்பறையில் விடுவோம்; கடைசியாக அலசிய தெளிந்த நீர் அடுத்த நாள் வாசல் கழுவ உதவும். டயப்பரைச் சுத்தம் செய்து, தாளில் சுற்றி, தூய்மைப் பணியாளர் எளிதில் அடையாளம் காணும்படி தனிப்பையில் கொடுப்போம். ஓடைக்கு ஒன்றும் போகக் கூடாது. இவ்வேற்பாட்டில் நாளுக்கு ஆறு என்பது ஒன்றாயிற்று. மாதம் 1,800 ரூபாய் என்பது 300 ரூபாய் ஆயிற்று. மகளுக்கு இரவில் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கம் கிடைத்தது. எல்லா வீட்டுக்கும் இதுவே முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு தனியே வேலைக்குச் செல்லும் தாயிடம் போய்த் துணியின் பெருமையை உபதேசிப்பது அறமன்று. அலச ஆள் இல்லாத வீட்டில் டயப்பர் ஒரு தேவை. வெயிலும் நீரும் கைகளும் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் பழக்கம்.

மாணவ நண்பர்களே! நீங்கள் இன்று குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லர்; ஆனால் அண்ணன், அக்காள், சித்தப்பா, அத்தை என்ற பதவிகள் உங்களில் பலருக்கு வந்திருக்கும். அந்தத் துணிகளில் நான்கை நாள்தோறும் அலசிக் கொடுக்கலாம். குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அதில் கேவலம் ஒன்றுமில்லை. அதைச் செய்யாமலே வளர்ந்ததில்தான் எனக்குக் கேவலம் நேர்ந்தது. நாளை நீங்கள் அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஊராட்சித் தலைவர்களாகவும் ஆவீர்கள். நிலத்துக்கு எது நல்லது, நாட்டுக்கு எது நல்லது என்று பல முடிவுகளைச் சொல்லும் நாற்காலியில் அமர்வீர்கள். அப்போது, "இதைச் செய்யப் போகும் கைகள் யாருடையவை? அந்த வேலையை நான் ஒரு வாரமாவது செய்திருக்கிறேனா?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பேத்திக்கு இப்போது நடை வந்துவிட்டது. அந்த இருபத்துநான்கு துண்டுகளில் நைந்தவை போக மிஞ்சியவற்றைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்த குழந்தைக்கு ஆகும். இம்முறை மடித்து வைத்தவன் நான்.